மீதியை நாமே போட்டுக்கொள்வது

ஓலசுண்டுக்கும் எதிர்த்தீவுக்கும் நடுவே
இருபத்திரண்டு வருடம்
ஃபெர்ரியின் ஒலிபெருக்கியில் டோர்கெய்ர் சொன்னது ஒன்றுதான்:
வண்டி ஓட்டுபவர்கள் வண்டிக்குத் திரும்பவும்.
யாரும் காது கொடுத்ததில்லை,
எல்லோருக்கும் புரிந்தது.

இப்போது எல்லோரும் காது கொடுக்கிறார்கள்.

நரம்பு முதலில் நாக்கு நுனியைக் கைவிட்டது.
த போயிற்று, ல போயிற்று,
அப்புறம் உதடு சேராமல் ப, ம.
மெய்யெல்லாம் உதிர்ந்தபின்
உயிர் மட்டும் நின்றது வாயில்,
நீண்டு, மூக்கு வழியே கசிந்து,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு.
வங்கிக்குப் போன் செய்தார்;
குடித்திருக்கிறீர்களா என்று கேட்டு
வைத்துவிட்டாள் ஒரு பெண்.
தபால்காரர் தலையாட்டுகிறார்.
பாதிரியார் இன்னும் அழகாகத் தலையாட்டுகிறார்.
நானும் ஆட்டியிருக்கிறேன்,
பேச்சுப் பயிற்சிக்கென்று
வியாழன்தோறும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

என் வேலை எண்ணுவது.
தாளில் ஒன்பது வாக்கியம். அவர் வாசிப்பார்,
கேட்பவர் எழுதுவார்,
எத்தனை சொல் தேறியது என்று
நான் சதவீதம் போடுவேன்.
மனைவி ராக்ன்ஃப்ரிட், தொண்ணூற்றொன்று.
கேட்டுக் கேட்டு அவள் காது
அவர் வாயின் கோணலுக்கே வளைந்திருந்தது.

பழகாத காதும் ஒன்று வேண்டும் என்றேன்.
சமையலறைத் தரையில் குப்புறப் படுத்து
ரேடியேட்டர் குழாயைத் தட்டிக்கொண்டிருந்த எஸ்கில்
கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.
முப்பத்துநான்கு.
ராக்ன்ஃப்ரிட் சிரித்தாள்,
வகுப்பில் முதலாவதாக வந்தவள் சிரிப்பு.

பத்தாவது வாக்கியம் தாளில் கிடையாது.
உங்களுடையது ஒன்று சொல்லுங்கள் என்பேன்.
சொன்னார்.
அவர் முடிக்குமுன் ராக்ன்ஃப்ரிட் எழுதி முடித்தாள்:
படகுக்குச் சாயம் அடிக்க வேண்டும்.
ஏப்ரல் வந்தால் வேறென்ன சொல்வார்?

எஸ்கில் எழுதவில்லை.
"புரியவில்லை. மறுபடி."
எழுந்துபோய் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான்.
அதுவரை அது முனகிக்கொண்டிருந்ததே
அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.
வெளிச்சம் அவர் முகத்தில் விழும் பக்கமாக
நாற்காலியை இழுத்துப் போட்டான்.
"மறுபடி."
காற்று எங்கே அடைத்திருக்கிறதென்று
குழாயில் காது வைக்கிறவன்;
குழாய் இதைத்தான் சொல்லும் என்று
அவன் நினைத்துக்கொண்டு போவதில்லை.
"படகு. அது பிடிபட்டது. அதற்கப்புறம்?"

டோர்கெய்ர் அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னார்,
தோள்வரை ஏறிய மூச்சில்.
மோவாயில் வழிந்ததை
யாரும் துடைக்கப் போகவில்லை.
எஸ்கில் எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பினான்.

படகை விற்றுவிடு.

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

நவம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.
ஒவ்வொரு முறையும் அவள்
அடிக்கலாம் அடிக்கலாம், வெயில் வரட்டும்
என்றிருக்கிறாள்.
கொட்டகையில் மூன்று டின் வெள்ளைச் சாயம்
மூடி பிரிக்காமல்.

அந்தத் தொண்ணூற்றொன்றை நான் என்ன செய்வது?
காதால் கேட்டது எவ்வளவு,
அவரைத் தெரியும் என்பதால் கேட்டது எவ்வளவு,
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ராக்ன்ஃப்ரிட் பேனாவை மூடினாள், திறந்தாள்.
"யாருக்கு?" என்றாள் அவரிடம்.
அவர் ஆரம்பித்தார்.
பெயர் மாதிரி இருந்தது. ஓர் ஆ,
அதன்பின் நெடுநேரம் ஓர் ஊ.
மீதியைப் போட அவள் வாய் திறந்தது.
கையால் பொத்திக்கொண்டாள்.

எஸ்கில் ரேடியேட்டருக்கு உடனே திரும்பவில்லை.
அடுத்த வாரம் வந்த பில்லில்
அந்த அரைமணி நேரத்துக்கும் கூலி போட்டிருந்தது.
ராக்ன்ஃப்ரிட் அன்றே கட்டிவிட்டாள்.